செக்கருக்கு ஒரு படித் தவிடு

1

போன செவ்வாய்க்கிழமை காலை, இங்கே ஜெர்மனியில், வெளிநாட்டவர் அலுவலகத்தில் எண் சீட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது உறையூரிலிருந்து ஒரு படம் வந்தது. அப்பா எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். கையில் தடி இல்லை, சுவரையும் பிடித்துக்கொள்ளவில்லை. சொந்தக் காலில் நின்றுகொண்டு, ஒரு படியில் தவிட்டை அளந்து, என் அத்தை விரித்துப் பிடித்திருக்கும் மஞ்சள் பையில் கொட்டுகிறார். பின்னால் ஓடாத பழைய ஸ்கூட்டரின் சீட்டில், எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி ஒரு பூனை.

நான் விட்ட பெருமூச்சில் பக்கத்து நாற்காலியிலிருந்த சிரியாக்காரர் திரும்பிப் பார்த்தார். நல்ல செய்தியா என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டார். பூனை வீட்டுக்கு வந்துவிட்டது என்று அதே அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சேருவதைப் பற்றி அந்தக் கூடத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பத்தொன்பது வருடமாக இந்தக் கூடத்துக்கு வந்துகொண்டிருக்கிறேன். இந்த முறை பாஸ்போர்ட் மாறியதால் தங்கும் அட்டையையும் மாற்ற வேண்டும். கவுண்டரில் இருக்கும் அம்மையார் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பார்: இத்தனை வருடம் ஆகிவிட்டதே, குடியுரிமைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை? என் மனைவி கவிதா வாங்கிவிட்டாள். மகள் ஓவியாவுக்கும் வந்துவிட்டது. நான் மட்டும்தான் இன்னும் வரிசையில் நிற்கிறேன். நேரமில்லை என்று சொல்வேன். அது பொய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அநேகமாக அந்த அம்மையாருக்கும் தெரியும்.

பூனை, தவிடு, குடியுரிமை ஆகிய மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

2

அப்பா டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவிரிப் பாலத்தின் மேல் நின்றபடியே பாதி ஆயுளைக் கழித்தவர். அவருடைய முழங்கால் தேய்ந்தது அந்த நிற்றலில்தான்.

அம்மா இறந்ததற்கு அடுத்த மழைக்காலத்தில், ஒரு காது கிழிந்த பூனைக்குட்டி எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வந்து சேர்ந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வரும், யார் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விடும். டிக்கெட் பரிசோதகர்களிடம் வாழ்நாள் முழுவதும் பட்ட கசப்பையெல்லாம் சேர்த்து அப்பா அதற்கு செக்கர் என்று பெயர் வைத்தார். கசப்பு பெயரோடு போயிற்று. சாப்பாட்டு நேரம் வந்தால், தன் பழைய கண்டக்டர் விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதுவார். தெருவில் எங்கிருந்தாலும் அது வந்து நிற்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் திடுக்கிடுவார்கள். மற்றவர்களுக்குப் பழகிவிட்டது.

எனக்கு அந்தப் பூனைமேல் கொஞ்சம் பொறாமை உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் கூப்பிட்டால் அப்பா மூன்று வார்த்தைதான் பேசுவார்: ம், சரி, வச்சிடட்டுமா. அந்த மூன்றுக்கும் நடுவே அவர் பூனையிடம் ஒரு பாரா பேசி முடித்திருப்பார்.

ஓவியாவுக்குப் பதினாறு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். தாத்தாவிடம் "நல்லா இருக்கேன் தாத்தா" என்பதோடு அவள் தமிழ் முடிந்துவிடும். ஆனால் செக்கர் திரையில் வந்துவிட்டால் போதும்.

"செக்கர், இங்க பாரு. சாப்டியா? என்ன சாப்டே?"

பூனைக்குப் பதிலாக அப்பா சொல்வார். "நெத்திலி சாப்பிட்டுச்சாம். நீ என்ன சாப்டேன்னு கேக்குது."

"நூடுல்ஸ். அம்மா பண்ணல, நானே பண்ணேன்."

"நீயே பண்ணியான்னு ஆச்சரியமா பாக்குது."

இப்படியே கால் மணி நேரம் ஓடும். நான் சமையலறையில் பாத்திரம் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். என் மகளுக்கும் என் அப்பாவுக்கும் நடுவே பாக்கியிருந்த ஒரே பாதை அந்தப் பூனையின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

3

முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு அப்பா சம்மதிக்கவே இரண்டு வருடம் ஆயிற்று. கடைசியில் குளியலறைக்குப் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி ஆனபோதுதான் சரி என்றார். நான் கெஞ்சிக் கூத்தாடி ஐந்து வாரம் லீவு வாங்கிக்கொண்டு போனேன்.

தில்லைநகரில் டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுக் கடைசியில் கேட்டார். "வீட்டுல நாய், பூனை ஏதாச்சும் இருக்குங்களா?"

"ஒரு பூனை இருக்கு" என்றார் அப்பா, பெருமையாக.

"ரெண்டு மாசத்துக்கு வேண்டாங்கய்யா. காலுக்குள்ள வந்து பூந்துச்சுன்னா நீங்க விழுந்துடுவீங்க. அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அப்படின்னா ஆபரேஷனே வேண்டாம் டாக்டர்" என்று அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

டாக்டர் சொன்னதில் தப்பில்லை. நடக்கிறவர் காலைச் சுற்றிச் சுற்றி வருவது செக்கரின் முழு நேர வேலை. அதற்கு நான் கண்டுபிடித்த வழி சரோஜா அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறாள். மாமா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவளுடைய மகள் பெங்களூரில் இருக்கிறாள். அப்பாவையே அங்கே கொண்டுபோய் வைக்கலாமே என்றால், அந்த மாடிப்படியில் நல்ல கால் இருப்பவர்களே பக்கவாட்டில்தான் ஏற முடியும். ஆகவே அப்பா உறையூரில், பார்த்துக்கொள்ள வீட்டோடு செல்வி என்ற ஒரு அம்மா. செக்கர் ஸ்ரீரங்கத்தில், இரண்டு மாதம்.

"கொஞ்ச நாளைக்குத்தானேப்பா" என்றேன்.

அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

"ஆத்தைத் தாண்டிட்டா பூனைக்கு வீட்டு வழி மறந்துடும்" என்றார்.

இது எங்கள் ஊரில் பலரும் நம்புவது. வேண்டாத பூனையைக் கோணியில் கட்டி, காவிரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கோணிக்குள் இருந்தால் வழி தெரியாது, ஆற்றைத் தாண்டினால் வாசனையும் அறுந்துவிடும் என்பார்கள். மியாவ் என்று கத்தும் மூட்டைகளுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் அப்பா. அதனால் அவர் நிபந்தனை போட்டார்: கோணி கூடாது, துணி போட்டு மூடக் கூடாது. வலைமூடி போட்ட ஒரு கூடை வாங்கி வந்தேன். ஆட்டோக்காரரிடம் அப்பா தானே பேசினார்.

"சத்திரம் வழியா, பஸ்சு போற ரூட்டுலயே போங்க. பாலத்துல கொஞ்சம் மெதுவா. அது பாத்துக்கிட்டே போகட்டும்."

செக்கர் எதையும் பார்க்கவில்லை. உறையூரிலிருந்து மாம்பழச் சாலை வரைக்கும் மூச்சு விடாமல் கத்திக்கொண்டே வந்தது. "என்ன சார், பச்சப்புள்ள மாதிரி அழுவுது" என்று ஆட்டோக்காரர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். நான் கூடைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு, அதனிடம் வழி சொல்லிக்கொண்டே போனேன். இது சிந்தாமணி, இது பாலம், இது காவிரி, தண்ணி வந்திருக்கு பாரு.

4

அத்தை எல்லாம் தயாராக வைத்திருந்தாள். ஒரு அறையில் ஜன்னல்களைச் சாத்தி, பழைய அலுமினியத் தட்டில் மணல் பரப்பி, கிண்ணத்தில் தண்ணீர். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் ஆசாரமானவர், மாடியில் முட்டைகூட வேகக் கூடாது. அதனால் நெத்திலிக்கு வழியில்லை. "தயிர்சாதம் தின்னும், பாரேன். ரங்கநாதர் ஊருக்கு வந்துட்டா எல்லாம் பழகிக்கும்" என்றாள். கூடையைத் திறந்ததும் செக்கர் ஒரே பாய்ச்சலில் பீரோவுக்குப் பின்னால் போய் மறைந்தது. அதோடு சரி.

கிளம்பும்போது ஒரு மஞ்சள் பையை என் கையில் கொடுத்தாள். உள்ளே தவிடு.

"இதை அண்ணன் கையில குடுத்துடு. அவருக்குத் தெரியும்."

அப்போது பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. காப்பீட்டுத் தாளில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, ஆதார் அட்டையோடு உடனே வர வேண்டும் என்றார்கள். காதில் போனும் கையில் பையுமாகப் படி இறங்கினேன். தவிடு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. மாமா மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவர். அவர் போன பிறகும் ஆலையிலிருந்து அத்தைக்கு அரிசியும் தவிடும் வருவது வழக்கம். தவிட்டைப் பால்காரம்மாவின் மாட்டுக்குக் கொடுப்பாள். எங்கள் தெருவிலும் பக்கத்து வீட்டில் லட்சுமி என்று ஒரு பசு இருக்கிறது. அதற்காகத்தான் கொடுத்தனுப்புகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எழுத்தைச் சரி செய்துவிட்டு வீடு திரும்பும்போது லட்சுமி வாசலிலேயே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. பையைத் தொட்டியில் கவிழ்த்தேன். நாக்கால் தொட்டியைத் துடைத்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு கை கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். "சரோஜா என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலப்பா. கொஞ்சம் தவிடு குடுத்துச்சு."

டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க?"

"லட்சுமிக்குக் கொட்டிட்டேன்."

அப்பா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "வித்துட்டு வந்துட்டியா" என்றார்.

5

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில், பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்து ஒரு பிள்ளை பிறந்தால், அதை இன்னொருவருக்கு ஒரு படித் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். இது எங்கள் பிள்ளை இல்லை, வேறு வீட்டுப் பிள்ளை என்று கெட்ட நேரத்தை ஏமாற்றுவதற்கான வழி. பிள்ளை தேறியதும் அதே அளவு தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் என்னை, அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்த சரோஜா அத்தைக்கு விற்றார்கள். மூன்றாம் வயதில் சமயபுரத்தில் மொட்டை போட்டு, தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கி வந்தார்கள். கல்யாண வீடுகளில் என்னை வைத்துச் சிரிப்பதற்கு இந்தக் கதை எப்போதும் உதவியிருக்கிறது. ஆனால் அது இன்னும் நடைமுறையில் இருக்கிறது, அதுவும் பூனைக்கும் செல்லும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

"தவிடு கை மாறினா உசுரு கை மாறிடுச்சுன்னு அர்த்தம்" என்றார் அப்பா. "வாங்காம வந்திருந்தா பரவாயில்ல. வாங்கி, மாட்டுக்கும் போட்டுட்டே. அதே தவிட்டைத் திருப்பிக் குடுக்கவும் வழியில்ல. சரோஜா தனியா இருக்கா. அவளுக்கு அது மேல ஒரு கண்ணு. எனக்குத் தெரியும்."

"அத்தை அப்படியெல்லாம் பண்ணுமாப்பா?"

"டாக்டருக்குப் போன் பண்ணு. நாளன்னைக்கு வரலன்னு சொல்லிடு. நாளைக்குப் போய் செக்கரைக் கூட்டிட்டு வந்துடு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதை மறைக்கப் போவதில்லை. ஒரு பூனைக்காகவா என்று கத்தினேன். ஐந்து வாரம் லீவுக்கு யார் யார் காலில் விழுந்தேன் தெரியுமா என்றேன். இப்போது விட்டால் அடுத்த லீவு எப்போது கிடைக்குமோ, அதுவரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கப் போகிறீர்களா என்றேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன், அவற்றை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அப்பா நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பூனைக்காக இல்லடா" என்றார். "கொஞ்ச நாளைக்குத்தானேன்னு சொன்னே பாரு. அதைத்தான் நீ வெளிநாடு கிளம்பின அன்னைக்கும் சொன்னே. ரெண்டு வருசம், கொஞ்ச நாளைக்குத்தானேப்பான்னு. உங்கம்மா காலண்டர்ல குறிச்சு வச்சுக்கிட்டா. நான் தப்பு சொல்லல. நீ நல்லா இருக்கே, அது போதும். ஆனா அந்த வார்த்தையை மட்டும் எனக்கு நம்ப முடியல."

இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனது உண்மை. பிறகு வேலை நிரந்தரமானது, ஓவியா பிறந்தாள், பள்ளிக்கூடம், வீட்டுக் கடன் என்று ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. எந்தக் காரணமும் பொய் இல்லை. ஆனால் எந்த வருடமும் நான் அப்பாவிடம் போய், இனி திரும்பி வரமாட்டேன் என்று நேராகச் சொன்னதில்லை. கவிதா குடியுரிமை வாங்கியபோது அப்பா போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப அவ இனிமே அந்த ஊர்க்காரியா?" அதே கேள்வியை என்னைப் பற்றியும் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் நான் இத்தனை வருடமாக நேரமில்லை, நேரமில்லை என்று அந்த அம்மையாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

6

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னதும், மாட்டுக்கா போட்டே என்று கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"ஏன் அத்தை, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கே சொல்றது? போனைக் காதை விட்டு எடுத்தாத்தானே? விலை குடுத்து வாங்காத உசுரு வீட்டுல தங்காதுடா ராசா. ஓடிப்போய்ப் பாலத்துல பஸ்சுல கிஸ்சுல மாட்டிக்கிட்டா அண்ணன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது? அதுக்காகத்தான் முறையா வாங்கினேன். அண்ணனுக்குப் புரியும்னு நெனச்சேன்."

"புரிஞ்சதுதான் பிரச்சினை."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கினாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அப்பா எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை.

"அண்ணே, உங்க பிள்ளையையே திருப்பிக் குடுத்தவ நான். ஞாபகம் இருக்குல்ல?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"மூணு வருசம் எம்பிள்ளை எம்பிள்ளைன்னு சொல்லிட்டு, சமயபுரத்துல மொட்டைத் தலையோட உங்க கையில குடுத்துட்டு வந்தேன். தவிட்டுப் பையை மடியில வச்சுக்கிட்டு பஸ்சுல வந்தேன். பத்து நாள் எனக்குச் சோறு இறங்கல. அதை உங்ககிட்ட இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல. அவனையே குடுத்தேன். பூனையை வச்சுக்கிட்டு நான் என்னண்ணே பண்ணப்போறேன்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐம்பது வயதை எட்டப்போகும் ஒருவன், தன்னை வைத்து இத்தனை காலம் எல்லோரும் சிரித்த கதைக்குள் ஒருத்தி பத்து நாள் சாப்பிடாமல் இருந்தாள் என்று தெரிந்துகொள்ளும்போது, எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எந்த மில்லு தவிடு?"

"மண்ணச்சநல்லூர்தாண்ணே. எப்பவும் வர்றதுதான்."

"அப்ப அங்கேருந்தே ஆள் விட்டு வாங்கி வைக்கிறேன். வேற தவிடு குடுத்தா நல்லா இருக்காது."

"தலை தட்டி ஒரு படி. குறையக் கூடாது."

"சரி. அவன்கிட்ட குடு." நான் வாங்கியதும் கேட்டார்: "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குடா போகணும்?"

7

அறுவை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சுப்பா" என்றேன்.

சாப்பிடவில்லை. அன்றோடு மூன்றாவது நாள். செக்கர் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. அத்தை தயிர்சாதம், பால்சாதம், நெய்ச்சாதம் என்று வரிசையாக வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். கடையில் விற்கும் பூனைத் தீனியை நான் வாங்கிக்கொண்டு போய் வைத்தேன். எறும்புதான் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் சுவர் ஓரத்தில் இரண்டு கண்கள். இது செத்துக்கித்துப் போனால் இந்த மனிதரிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

மறுநாள் காலை அப்பா என்னை அருகில் கூப்பிட்டார்.

"பொய் சொல்லாத. அது சாப்பிடல."

"எப்படித் தெரியும்?"

"சாப்பிட்டிருந்தா, என்ன சாப்பிட்டுச்சுன்னு சொல்லியிருப்பே. என் சட்டைப் பையில பாரு."

ஆஸ்பத்திரியில் சேரும்போது கழற்றிய சட்டை அலமாரியில் தொங்கியது. பையில் விசில் இருந்தது. அறுவைக்கு வந்தவர் பல் செட்டை வீட்டில் மறந்துவிட்டு விசிலை எடுத்து வந்திருக்கிறார். "சட்டையையும் எடுத்துட்டுப் போ, துவைக்காத. ரெண்டு தரம் ஊது. அதிகமா ஊதாத, சந்தேகப்படும்."

அத்தை வீட்டில் சட்டையைப் பீரோவுக்குப் பக்கத்தில் போட்டேன். தயிர்சாதத்தை அதன் மேலேயே வைத்தாள் அத்தை. நான் வாழ்க்கையில் முதல் முறையாக அப்பாவின் விசிலை ஊதினேன். சின்ன வயதில் தொட்டதற்கே அடி வாங்கியிருக்கிறேன். மூடிய அறைக்குள் அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பியது.

கீழேயிருந்து வீட்டுக்காரர் பாதிப்படி ஏறி வந்துவிட்டார். "என்ன சரோஜாம்மா, மாடிக்குப் பஸ் வந்துடுத்தா?"

அத்தை பதில் சொல்வதற்குள் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒட்டடையோடு ஒரு தலை வெளியே வந்தது. கிழிந்த காது முதலில். அறையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்தது. எங்கள் யாரிடமும் டிக்கெட் இல்லை என்பதுபோல ஒரு முகம். பிறகு சட்டையை முகர்ந்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, தயிர்சாதத்தைத் தின்ன ஆரம்பித்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் காலுக்காக ஒன்று, பூனைக்காக ஒன்று என்று இரண்டு கல்லை நெஞ்சில் சுமந்துகொண்டிருந்திருக்கிறேன் என்பது அவை இறங்கிய பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்காரர், "பகவான் சிருஷ்டி, தயிர்சாதம் சாப்பிடறது பாருங்கோ" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இறங்கிப் போனார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, "தயிர்சாதம் சாப்பிட்டுச்சு" என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்குப் பிற்பகல் வாக்கரைப் பிடித்து அவர் எடுத்து வைத்த முதல் எட்டு அடியை நான் என் போனில் வைத்திருக்கிறேன்.

8

லீவு முடிந்து நான் திரும்பி வந்தபோது செக்கர் ஸ்ரீரங்கத்தில்தான் இருந்தது. ஓவியா இப்போது அத்தைக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள். அத்தைக்கு வீடியோ வராது. அதனால் பூனை என்ன செய்கிறது என்று இவள் கேட்க, அத்தை வர்ணிக்க, இவள் மேலும் கேட்க, ஒரு நாள் முழு அரை மணி நேரம் தமிழ் நடந்தது. என் மகள் "சன்னல்ல ஒக்காந்துருக்கா?" என்று அச்சு அசலாக அத்தையைப்போல் கேட்டதைக் கேட்டுக் கவிதாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இரண்டு மாதக் கெடு முடிந்தது. டாக்டர் சரி என்றுவிட்டார். "ரெண்டு நாள் போகட்டும், ஏகாதசி வருது" என்றாள் அத்தை. ஏகாதசி போயிற்று. "வெயில் ஜாஸ்தியா இருக்கு, ஆட்டோவுல தவிச்சுப்போயிடும்" என்றாள். அப்பா எதுவும் கேட்கவில்லை. ம், சரி, வச்சிடட்டுமா. நான்தான் இங்கே தூக்கம் வராமல் கிடந்தேன். பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் கோதுமைத் தவிட்டைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து, வயிற்றுக்கு நல்லது என்று எழுதி விற்கிறார்கள். ஒரு நாள் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அந்த அலமாரிக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். அத்தை கொடுக்காமல் போனால் அவள்மேல் கோபப்பட முடியுமா என்று யோசித்தேன். முடியாது என்றுதான் தோன்றியது. அவளிடமிருந்து ஒன்றை நாங்கள் ஏற்கனவே ஒரு தரம் திருப்பி வாங்கியிருக்கிறோம்.

அப்படியிருக்கும்போதுதான், கையில் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, செல்வி எடுத்த அந்தப் படம் வந்தது.

வெளியே வராந்தாவுக்குப் போய் அப்பாவைக் கூப்பிட்டேன். அதிசயமாக மூன்று வார்த்தைக்கு மேல் பேசினார்.

"தலை தட்டி அளந்து வாங்கிட்டுத்தான் போச்சு சரோஜா. ஒரு பிடி கூடவே போட்டேன், வேண்டாம்னு எடுத்துத் திருப்பிக் கொட்டிட்டா. அளவு அளவுதான்னுட்டா. வெள்ளிக்கிழமைதோறும் வந்து பாத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா."

"செக்கர் எப்படி இருக்கு?"

"கூடையைத் திறந்ததும் ஸ்கூட்டர்ல ஏறிக்கிச்சு. என்னைத் திரும்பியே பாக்கல. கோவம். நெத்திலி வச்சேன், திங்கல. தயிர்சாதம் கேக்குது."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர், "நீ எங்க இருக்கே? வேலை நேரந்தானே அங்க?" என்று கேட்டார்.

எப்போதும் சொல்லும் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. "கார்டு மாத்த வந்திருக்கேன்ப்பா. இங்கயே குடியுரிமை வாங்கிக்கச் சொல்றாங்க. வாங்கினா நம்ம பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துடணும். அதான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றேன். "ரெண்டு வருசம்னு சொன்னேன். முடியலப்பா. மன்னிச்சுடுங்க."

அந்தப் பக்கத்தில் லட்சுமி ஒரு தடவை கத்தியது.

"வாங்கிக்கயேன்" என்றார் அப்பா. "வரிசையில நிக்கிற வேலை மிச்சம்."

நான் கையிலிருந்த எண் சீட்டை மடித்தேன்.

"எந்த அட்டை வாங்கினா என்னடா? உன்னை அங்க அனுப்பினப்ப நாங்க யார்கிட்டயும் தவிடு வாங்கலயே."

உள்ளே பலகையில் என் எண் விழுந்துவிட்டது. சிரியாக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார். "போயிட்டு வரேன்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.